5,300 முகவரிகள்

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதி. கொழும்பில் பெற்றோலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம். முன்னர் என்னுடன் பணியாற்றிய இளம் செய்தியாளர் ஒருவர் வெள்ளவத்தையில் உள்ள என் வீட்டிற்கு வந்தார். இளம் செய்தியாளர் என்பது எனது பழக்கதோஷம். அவருக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. தெமட்டகொடையிலிருந்து சைக்கிளில் வந்திருந்தார். அந்நியச் செலாவணி இல்லாமல் பத்திரிகைத் தாள் இறக்குமதி தடைப்பட்டு, பத்திரிகைகள் பலவும் பக்கங்களைக் குறைத்துக்கொண்டிருந்தன. பக்கங்கள் குறைந்தால் ஆட்களும் குறைவார்கள். அப்படிக் குறைக்கப்பட்டவர்களுள் அவரும் ஒருவர்.

தேநீர் ஆறும்வரை அவர் பேசவில்லை. பிறகு கேட்டார்.

“ஐயா, நான் சொந்தமா ஒரு பேப்பர் துவங்கினால் என்ன? கிழமைக்கு நாலு பக்கம். காணி விசயம் மட்டும்தான். வர்த்தமானியில வாறதையும் வழக்குகளில நடக்கிறதையும் சனத்துக்கு விளங்கிற மாதிரி எழுதலாம். நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?”

வேறு எவராவது கேட்டிருந்தால் சிரித்து அனுப்பியிருப்பேன். இவர் பதினைந்து ஆண்டுகளாகக் காணி விவகாரங்களை மட்டுமே எழுதிவந்தவர். 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல் விடுக்கப்பட்டபோது, ஆசிரிய பீடத்தில் மற்றவர்கள் அறிக்கைகளையும் கண்டனங்களையும் எழுதிக்கொண்டிருக்க, அவர் அந்த அறிவித்தலை வரி வரியாக வாசித்து எந்தக் கிராமத்தின் எந்தப் பகுதி அதற்குள் அடங்குகிறது என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். எழுதுவதற்கு விடயம் உண்டா என்ற கேள்வி அவரைப் பொறுத்தவரை எழவில்லை. தொடங்கலாமா வேண்டாமா என்பதே கேள்வி.

எனக்கு உடனே விடை சொல்ல முடியவில்லை. இதே கேள்வியை எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் தன்னிடமே கேட்டுக்கொண்ட ஒரு பத்திரிகையாளரின் கதையை நான் அறிவேன். அதைத்தான் அன்று அவருக்குச் சொன்னேன். இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

அவர் பெயர் ஐ. எப். ஸ்டோன். ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த யூதப் பெற்றோருக்கு 1907 டிசம்பரில் பிலடெல்பியாவில் பிறந்தவர். தகப்பனார் நியூஜேர்சியில் ஒரு சிறிய கடை நடத்தினார். பதினான்கு வயதில் ஸ்டோன் தானே ஒரு மாதப் பத்திரிகையை வெளியிட்டார். அந்தச் சிறுவனின் பத்திரிகை காந்தியாரை ஆதரித்து எழுதியது என்பது நமக்குச் சுவையான செய்தி. மூன்று இதழ்களுடன் தகப்பனார் அதை நிறுத்தச் செய்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் புள்ளிகள் குறைந்ததே காரணம். பின்னர் பல்கலைக்கழகப் படிப்பையும் இடையில் விட்டு முழுநேரப் பத்திரிகையாளரானார். நாளிதழ்களில் ஆசிரியத் தலையங்கம் எழுதினார். ‘த நேஷன்’ வார இதழின் வொஷிங்டன் ஆசிரியராகவும் இருந்தார்.

1940களின் பிற்பகுதியில் அவருக்கு ஏற்பட்டது நம்மவர் பலருக்கும் தெரிந்த அனுபவம்தான். விளம்பரம் ஏற்பதில்லை என்ற கொள்கையுடன் 1940இல் நியூயோர்க்கில் தொடங்கப்பட்ட ‘பி.எம்.’ என்ற நாளிதழில் எழுதிவந்தார். அது 1948இல் மூடப்பட்டது. அதன் இடத்தில் ‘ஸ்ரார்’ வந்தது. அது 1949 ஜனவரியில் மூடப்பட்டது. அடுத்து ‘டெய்லி கொம்பஸ்’ வந்தது. அது 1952 நவம்பர் 3ஆம் திகதி, ஜனாதிபதித் தேர்தலுக்கு முதல்நாள், நின்றுபோனது. நான்கரை ஆண்டுகளுக்குள் மூன்று பத்திரிகைகள் அவர் காலடியில் இடிந்தன. மறுநாள் ஐசன்ஹோவர் வென்றார். இரண்டு மாதங்களில் ஜோசப் மக்கார்த்தி செனற் குழு ஒன்றின் தலைவராகி, கம்யூனிஸ்டுகளைத் தேடும் வேட்டைக்கு முழு அதிகாரமும் பெற்றார். அந்த ஆண்டில்தான் ஸ்டோன், கொரிய யுத்தம் பற்றிய அரசாங்கத்தின் விளக்கத்தைக் கேள்விக்குட்படுத்தி ஒரு நூலையும் வெளியிட்டிருந்தார். அப்படிப்பட்டவரை வேலைக்கு அமர்த்த எந்த நாளிதழும் துணியவில்லை.

வயது 44. மனைவி எஸ்தர், மூன்று பிள்ளைகள். காதும் சரியாகக் கேட்பதில்லை. செவிப்புலன் கருவி இல்லாமல் ஒரு கூட்டத்தில் இருந்து குறிப்பெடுக்க முடியாது. ‘உமக்கு இனி இந்தத் தொழில் வேண்டாம்’ என்று உறவினர் எவரும் சொல்லக்கூடிய நிலை.

முன்னோடி ஒருவர் இருந்தார் என்பது உண்மை. ஜோர்ஜ் செல்டெஸ் என்பவர் 1940இல் ‘இன் பக்ற்’ என்ற நான்கு பக்க வார இதழைத் தொடங்கி, நாளிதழ்கள் மறைக்கும் செய்திகளை வெளியிட்டு, 176,000 பிரதிகள் வரை விற்றார். ஆனால் அதுவே 1950இல் சந்தாதாரர்களை இழந்து மூடப்பட்டுவிட்டது. ஆகவே முன்னோடியைப் பார்த்து ஸ்டோன் துணிவு கொண்டார் என்று எழுதுவது அரைவாசி உண்மையே. முன்னோடியின் சவப்பெட்டியையும் அவர் பார்த்திருந்தார்.

அவரிடம் இருந்த பணம், ‘கொம்பஸ்’ மூடப்பட்டபோது கிடைத்த இழப்பீடு 3,500 டொலர். நண்பர் ஒருவர் வட்டியில்லாமல் தந்தது 3,000 டொலர். வொஷிங்டனில் ஒரு பத்திரிகை தொடங்க இது போதாது. ஆனால் இன்னொன்று அவரிடம் இருந்தது. மூடப்பட்ட மூன்று பத்திரிகைகளின் சந்தாதாரர் முகவரிப் பட்டியல்களும், அவருடைய நூல்களை வாங்கியோரின் முகவரிகளும் அவர் கைக்கு வந்திருந்தன. பத்திரிகைகள் இறந்துவிட்டன, அவற்றை வாசித்தவர்கள் இறக்கவில்லை. அந்த முகவரிகளுக்குக் கடிதம் அனுப்பினார். ஆண்டுச் சந்தா ஐந்து டொலர் என்றார். 1953 ஜனவரி 17ஆம் திகதி ‘ஐ. எப். ஸ்டோனின் வாரஇதழ்’ முதலாவது பிரதி வெளிவந்தபோது 5,300 பேர் பணம் கட்டியிருந்தார்கள். அல்பேர்ட் ஐன்ஸ்ரைன் அவர்களுள் ஒருவர்.

கணக்குப் பார்த்தால் 26,500 டொலர். ஒரு மனிதர், ஓர் அச்சகம், நான்கு பக்கம், ஓர் ஆண்டு. அரைகுறையாகவேனும் தாங்கும்.

இந்த இடத்தில் என் நண்பர் குறுக்கிட்டு, “அப்ப காசில்லை ஐயா முக்கியம்” என்றார். அவசரப்படாதே தம்பி என்றேன். காசும் முக்கியம்தான். ஆனால் அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 5,300 பேரும் ஒரு விளம்பரத்தைக் கண்டு வந்தவர்கள் அல்லர். பன்னிரண்டு ஆண்டுகள் அவரை வெவ்வேறு பத்திரிகைகளில் வாசித்தவர்கள். அதைவிட, அந்தக் காலத்தில் ஐந்து டொலர் அனுப்புவது சிறிய காரியமும் அன்று. அரசாங்க ஊழியர்களின் விசுவாசத்தை விசாரித்த சபைகள், நீர் எந்தப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிறீர் என்றும் கேட்டன. ஸ்டோனை எவ்.பி.ஐ. பல ஆண்டுகள் கண்காணித்தது என்பதும், அவர் பற்றிய கோவை ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்டது என்பதும் பின்னர் வெளிவந்தன. அப்படிப்பட்ட ஒருவரின் பட்டியலில் தமது பெயரும் முகவரியும் இருக்கட்டும் என்று 5,300 பேர் சம்மதித்தார்கள். பத்திரிகை தொடங்கத் துணிந்தவர் ஸ்டோன் ஒருவர் மட்டும் அல்லர் என்பதை வரலாற்றை எழுதுவோர் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எஸ்தர் சந்தாவையும் கணக்கையும் கவனித்தார். ஏனைய எல்லாம் ஸ்டோன்தான்: நிருபர், ஆசிரியர், ஒப்புநோக்காளர். பின்னைய காலத்தில் வீடே காரியாலயம். விளம்பரம் எடுக்கவில்லை. கூச்சலிடும் தலைப்புகள் போடவில்லை. கருத்தில் தீவிரமானவராக இருந்தும், அச்சமைப்பில் ஒரு பழைய பாடசாலைப் புத்தகத்தின் அடக்கத்தை வேண்டுமென்றே கடைப்பிடித்தார். பத்திரிகைகளுக்கான சலுகைத் தபால் கட்டணத்தை மக்கார்த்தியின் காலத்திலும் தபால் திணைக்களம் அவருக்கு மறுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நமது நாட்டு அனுபவத்தில் இது எனக்கு மிக வியப்பான பகுதி.

காது கேளாமை அவருக்கு வேறொரு வழியைக் காட்டியது. செய்தியாளர் மாநாடுகளுக்குப் போய்ப் பயனில்லை; ஆகவே காங்கிரஸ் விசாரணைகளின் எழுத்துப் பதிவுகளையும் அரசாங்க அறிக்கைகளையும் வாசித்தார். அமைச்சர்களோடு விருந்துண்ணும் நிருபர்கள் கேட்டு எழுதியதை, இவர் ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு சம்பவத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். தொழிலில் இருப்பவர்களுக்கு அது பயன்படும்.

1957 செப்ரெம்பர் 19ஆம் திகதி நெவாடாவில் அமெரிக்கா ஓர் அணுகுண்டை நிலத்தின் அடியில் வெடித்துப் பரிசோதித்தது. அணுப் பரிசோதனைகளைத் தடைசெய்யும் ஒப்பந்தம் பற்றிய பேச்சு அப்போது நடந்துகொண்டிருந்தது. நிலத்தடி வெடிப்பைத் தூரத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாது, ஆகவே ஒப்பந்தத்தை எதிர்த்தரப்பு மீறினால் தெரியவராது என்பது தடையை எதிர்த்தவர்களின் வாதம். வெடிப்பின் மறுநாள், ரொறன்ரோ, ரோம், டோக்கியோ ஆகிய இடங்களில் அதிர்வு உணரப்பட்டதாகச் சில வரித் துணுக்குகள் ‘நியூயோர்க் ரைம்ஸ்’ பத்திரிகையில் வந்தன. ஸ்டோன் அவற்றை வெட்டி வைத்துக்கொண்டார். என்ன செய்வதென்று அப்போது அவருக்குத் தெரியாது; வெட்டி வைத்தார், அவ்வளவுதான். 1958இன் தொடக்கத்தில் அணுசக்தி ஆணைக்குழு, அந்த வெடிப்பு 200 மைல்களுக்கு அப்பால் பதிவாகவில்லை என்று அறிவித்தது. ஸ்டோன் தமது கோவையைத் திறந்தார். வர்த்தகத் திணைக்களத்தின் கீழ் இயங்கிய கரையோர நிலவளவைப் பிரிவில் நிலநடுக்க ஆய்வாளர்கள் இருப்பதை அறிந்து நேரே அங்கு போனார். பத்திரிகையாளர் எவரும் அந்தப் பக்கம் வருவதே அரிது. அவர்கள் பதிவேட்டைக் காட்டினார்கள். 2,300 மைல் தொலைவிலுள்ள அலாஸ்காவிலும் அந்த வெடிப்பு பதிவாகியிருந்தது. ஆணைக்குழு தனது 200 மைலைத் திருத்த வேண்டியதாயிற்று.

ஒரு நாளிதழின் செய்தியாசிரியரிடம் இந்தத் துணுக்குகளைக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முப்பத்தெட்டு ஆண்டுகள் நான் அந்த மேசையின் இரு பக்கங்களிலும் இருந்தவன். “ஆறு மாதத்திற்கு முந்திய செய்தி” என்று சொல்லியிருப்பேன்.

சொந்தப் பத்திரிகை என்றால் எசமான் இல்லை என்று என் நண்பர் நினைத்துக்கொண்டிருந்தார். அதையும் சொல்லிவைக்க வேண்டியிருந்தது. ஸ்டோனின் எசமானர்கள் அந்த ஐந்து டொலர்க்காரர்கள். அவர்களுள் சோவியத் ஒன்றியத்தின்மீது நம்பிக்கை வைத்திருந்தோர் அநேகர். ஸ்டோனும் நெடுங்காலம் அந்த நாட்டைச் சலுகையோடு நோக்கியவரே. 1956இல் மொஸ்கோவுக்கு நேரில் போய்த் திரும்பி, அது நல்ல சமூகம் அன்று, அதை நடத்துவோர் நேர்மையானவர்களும் அல்லர் என்ற கருத்தில் எழுதினார். சில நூறு சந்தாதாரர்கள் விலகினார்கள். சம்பளத்திற்கு எழுதும் நமக்கு ஒரு வாசகர் கோபித்தால் ஆசிரியருக்குக் கடிதம் ஒன்று வரும். அவருக்கோ வீட்டு அடுப்பு குறைந்தது. அவர் மறைந்த பின்னர், 1930களில் சோவியத் உளவுத்துறையோடு அவருக்குத் தொடர்பு இருந்தது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. ஆய்வாளர்கள் அதுபற்றி இரு பக்கமாகப் பிரிந்து வாதிட்டிருக்கிறார்கள். நான் அவரைப் புனிதராக்க எழுதவில்லை. மொஸ்கோவிலிருந்து திரும்பியபின் எழுதிய கட்டுரை, தமது சந்தாதாரரைத் தெரிந்துகொண்டே எழுதப்பட்டது என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன்.

அதன் பின்னைய கதை சுருக்கமானது. 1964இல் ரொங்கின் வளைகுடாச் சம்பவத்தை ஏறக்குறைய முழு அமெரிக்கப் பத்திரிகை உலகமும் அரசாங்கம் சொன்னபடியே ஏற்றபோது, அவர் ஏற்கவில்லை. வியட்நாம் யுத்தம் வாசகர்களைப் பெருக்கியது. இதயநோயின் பின்னர் இதழ் இரு வாரங்களுக்கு ஒருமுறை வரலாயிற்று. 1971 டிசம்பரில் அவரே நிறுத்தியபோது ஏறத்தாழ 70,000 பிரதிகள். சந்தா அப்போதும் ஐந்து டொலர். பிறகு முதிய வயதில் பண்டைய கிரேக்க மொழியைக் கற்று, சோக்கிரட்டீசின் வழக்கு விசாரணை பற்றி 1988இல் நூல் எழுதினார். அடுத்த ஆண்டு காலமானார்.

நமது மண்ணிலும் இத்தகைய துணிவு இல்லாமல் இல்லை. 1966 ஓகஸ்டில் டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் ‘மல்லிகை’யைத் தொடங்கியபோது அவர் கையில் முகவரிப் பட்டியல் எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அவரிடம் குடும்பத் தொழிலான சிகையலங்கார நிலையம் இருந்தது. தெருத் தெருவாக இதழைச் சுமந்து சென்று கையில் கொடுத்து விற்கும் கால்கள் இருந்தன. யாழ்ப்பாண நகரமே அவருடைய பட்டியல். 2012 வரை 400 இதழ்களுக்கு மேல் வந்தது. எனினும் அது வேறொரு வழி, வேறொரு கட்டுரைக்குரியது.

ஸ்டோனின் 1950களின் கட்டுரைத் தொகுப்பை 1970களின் இறுதியில் மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடை ஒன்றில் வாங்கினேன். அதை வாசித்ததன் விளைவாக நானும் ஒரு காரியம் செய்தேன். இதுவரை எங்கும் எழுதாதது.

நான் எழுதிய பத்திக்கு வாசகர்களிடமிருந்து வரும் கடிதங்களை ஒரு தகரப் பெட்டியில் சேர்க்கத் தொடங்கினேன். பருத்தித்துறை, சாவகச்சேரி, களுவாஞ்சிக்குடி, மூதூர், ஹற்றன். பிற்பாடு ரொறன்ரோ, சூரிச். உறையின் பின்புறத்தில் இருந்த முகவரிகளை ஒரு கொப்பியில் ஊர்வாரியாக எழுதினேன். 1994இன் பிற்பகுதியில், அரசாங்கத்திற்கும் புலிகளுக்கும் பேச்சுவார்த்தை தொடங்கியபோது, அந்தக் கொப்பியில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான பெயர்கள் இருந்தன. அப்போது நான் பணியாற்றிய இடத்தில் மனம் ஒட்டாத காலம். சேமலாப நிதி எவ்வளவு வரும், ஒரு றீம் தாள் என்ன விலை, அச்சகத்துக்கு என்ன கொடுக்க வேண்டும் என்றெல்லாம் கொப்பியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். சமாதானம் வந்தால் தொடங்குவது என்று முடிவுசெய்தேன். 1995 ஏப்ரலில் யுத்தம் மீண்டும் தொடங்கியது. ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து மக்கள் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் வெளியேறினார்கள். என் கொப்பியில் இருந்த முகவரிகளில் அரைவாசிக்கு ஆட்கள் இல்லாமற் போனது.

1996 ஜனவரி 31ஆம் திகதி மத்திய வங்கியில் குண்டு வெடித்தது. அதன்பின் தமிழர் குடியிருந்த வீடுகளிலும் லொட்ஜுகளிலும் சுற்றிவளைப்பும் தேடுதலும் இரவு பகலாக நடந்தன. என் மனைவி அந்தக் கொப்பியைப் பற்றித் தெரிந்திருந்தார். “வடக்கிலயும் கிழக்கிலயும் உள்ள இவ்வளவு பேற்றை பேரும் ஊரும் ஏன் உங்கட கையில இருக்கெண்டு கேட்டால் என்ன சொல்லுவியள்?” என்று கேட்டார். வாசகர்கள் என்று சொல்வேன் என்றேன். “அதை நம்புவினமோ?” என்றார்.

என் உயிரைப் பற்றி மட்டும் என்றால் ஒருவேளை வைத்திருப்பேன் என்று இன்று எழுதுவது எளிது. அந்தப் பட்டியலில் உள்ள ஒருவர் வீட்டுக் கதவை யாரோ தட்டிவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது, அது பொய்யல்ல. எது முதலில் வந்த பயம் என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. சமையலறைக்குப் பின்னாலிருந்த சிறிய முற்றத்தில், விடியற்காலையில், முதலில் கொப்பியையும் பிறகு கடிதங்களையும் எரித்தோம். பயற்றம் பணியாரம் செய்வது எப்படி என்று எழுதிய ஓர் அம்மாவின் கடிதமும், என் கட்டுரையில் கண்ட எழுத்துப் பிழைகளை மாதந்தோறும் பட்டியலிட்டு அனுப்பிய ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் கடிதங்களும் அதில் இருந்தன. பதினெட்டு ஆண்டுக் கடிதங்கள் எரிய அரைமணி நேரம்கூட ஆகவில்லை. எங்கள் வீட்டை எவரும் சோதனையிட வரவில்லை.

2009இல் நான் ஓய்வுபெற்றபோது பணிக்கொடை கிடைத்தது. நேரமும் இருந்தது. எவருக்கு அனுப்புவது என்பதுதான் இல்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு என் நண்பர் சிறிது நேரம் சும்மா இருந்தார். பிறகு தமது பையிலிருந்து ஒரு தடித்த டயறியை எடுத்தார். காணிப் பிரச்சினை தொடர்பாக அவரோடு தொடர்புகொண்டவர்களின் பெயர்கள். இருநூறு வரை இருக்கும் என்றார். பெயர், ஊர், காணியின் பெயர், பரப்பளவு, எந்த ஆண்டில் வெளியேறினார்கள் என்ற விபரம், எல்லாம் அவருடைய ஒழுங்கான எழுத்தில். ஒரு பக்கத்தைப் புரட்டிக் காட்டினார்.

“முகவரிதான் ஐயா பிரச்சினை. கேட்டால் ஆக்கள் பழைய வீட்டு முகவரியைத்தான் சொல்லுவினம். சிலதில இப்பவும் ஆமி இருக்கு.”

தபாலில் அனுப்ப முடியாத முகவரிகள். இருந்தும் அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது: ஒருவர் மல்லாகத்தில் மகளோடு, ஒருவர் வவுனியாவில், இன்னொருவர் பாரிசில். அவற்றைப் பென்சிலால் ஓரத்தில் எழுதி வைத்திருந்தார். மாறினால் அழித்துத் திருத்துவாராம்.

தொடங்கு என்று நான் சொல்லவில்லை. இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் ஒருவருக்கு, தாள் விலை நாளுக்கொரு விதமாக ஏறிய அந்த மாதத்தில், அப்படிச் சொல்ல எனக்கு என்ன உரிமை? ஆயிரம் பெயர்கள் சேரும்வரை பொறுக்கலாம், அதுவரை மாதம் ஒரு தாளாக மட்டும் போட்டுப் பார்க்கலாம் என்று சொன்னேன். அந்த டயறிக்கு ஒரு பிரதி எடுத்து வேறிடத்தில் வைக்கும்படியும் சொன்னேன். எங்கே வைப்பது என்று அவர் கேட்டார். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

புறப்படும்போது, ஓராண்டுச் சந்தா என்னவாக இருக்கும் என்று கேட்டேன். அவர் அதுவரை அதைப் பற்றி யோசித்திருக்கவில்லை. ஒரு தொகையைச் சொன்னார். குறைவு என்று திருத்தி, அதற்குரிய பணத்தை எண்ணிக் கொடுத்தேன். டயறியில் ஒரு புதிய பக்கத்தைத் திறந்து என் பெயரை எழுதினார். பிறகு பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

“முகவரி ஐயா?”

அவருக்கு என் வீடு தெரியும். அந்த வீட்டுக் கதிரையில்தான் அமர்ந்திருந்தார். ஆனாலும் நான் சொல்லி அவர் எழுத வேண்டும் என்று காத்திருந்தார். யுத்தம் முடிந்து பதின்மூன்று ஆண்டுகள். எனக்கு ஒரு கணம் நா எழவில்லை. பிறகு வீட்டு இலக்கத்தையும் ஒழுங்கையின் பெயரையும் சொன்னேன்.